ஹார்ட் டிஸ்க் பாதுகாப்பு தானாக அணைந்துகொண்டே இருந்தால்

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பேருந்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து வேலை பார்ப்பவர்கள், அதன் ஹார்ட் டிஸ்க் பாதுகாப்பு வசதி இயங்குகிறதா என்று அவசியம் கவனிக்க வேண்டும். அதிர்வை உணர்ந்ததும், சுழலும் தட்டின் மேல் மிதந்தபடி தரவைப் படித்து எழுதும் முனையை ஒதுக்கி நிறுத்துவதே அதன் வேலை. ஐபிஎம் 2003இல் இதைத் தன் திங்க்பேட் மடிக்கணினிகளில் கொண்டுவந்தது. ஹெச்பியில் இதன் பெயர் 3டி டிரைவ்கார்டு.

அது அடிக்கடி அணைந்தால், முதலில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று பாருங்கள். சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே கிடையாது. ஆகவே, பாளையங்கோட்டையில் ஏதேனும் கடையில் கொடுத்து டிஸ்க்கை மாற்றியிருந்தால், இது பழுதே அன்று, அந்த மென்பொருளையே நீக்கிவிடலாம்.

ஹார்ட் டிஸ்க்தான் என்றால், விண்டோஸைப் புதுப்பித்தபின் இந்த வசதியை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருள் பொருந்தாமல் போயிருக்கக்கூடும் என்பதே என் முதல் சந்தேகம். முக்கியக் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி தெரிகிறதா என்று பார்த்து, பழைய மென்பொருளை நீக்கி, கணினியை மீண்டும் தொடங்கி, உங்கள் மாடல் எண்ணுக்குரிய டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே இறக்கி நிறுவுங்கள். வேறு தளங்களை நம்பவே வேண்டாம். அதன்பின்னும் அணைந்தால், சர்வீசஸ் பட்டியலில் அதற்குரிய சேவையை ஆட்டோமேட்டிக் என்று மாற்றி, கணினியை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்திப் பாருங்கள்.

ஹெச்பியில், குலுக்கலின்போது டிஸ்க்குக்கான விளக்கு நிறம் மாறுவது, முனை ஒதுங்கியதற்கான அடையாளமே. வசதி அணைந்துவிட்டதாக அஞ்ச வேண்டாம். யூஎஸ்பி வழியாக இணைத்த டிஸ்க்கை இது காக்காது.