வேகமானி முள் விழுந்ததும் செய்யக்கூடாதவை

போன மாதம், புதிதாக ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டத் தொடங்கிய தம்பி ஒருவர் பதற்றத்தோடு கூப்பிட்டார். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தபோது ஏர்ஸ்பீடு முள் சரசரவென்று இறங்கி அடியில் போய் நின்றுவிட்டதாம். "அண்ணா, கேம் கரப்ட் ஆயிடுச்சு போல. அழிச்சுட்டுத் திரும்பப் போடப் போறேன்" என்றார். "எதையும் தொடாத தம்பி, அப்படியே பாஸ் பண்ணி நிறுத்தி வை" என்றேன். சில வருடங்களுக்கு முன் இதே முள் இதே மாதிரி விழுந்தபோது எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. அவருக்கு முன்னால் வேறு இரண்டு பேரும் இதையே செய்யப் போனதைப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

கேபிள் செருகாதது, பேட்டரி சுவிட்சை மறந்தது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஐந்து நிமிடத்தில் தாமே தெரிந்துவிடும்.

என்ன பழுது என்று பார்க்காமலே அழித்து நிறுவுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. குளிர்கால வானிலை வைத்து 6,000 அடிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே, சுற்றிலும் மேகம். 80 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காட்டி நின்ற முள் 60, 50 என்று இறங்கி அசைவில்லாமல் படுத்துவிட்டது. எஞ்சின் சத்தம் மாறவில்லை, உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் ஏறிக்கொண்டேதான் இருந்தது. அதையெல்லாம் யோசிக்காமல் சிமுலேட்டரையே நீக்கிவிட்டேன். மறுபடி டவுன்லோடு முடிய ஒரு முழு இரவும் மறுநாள் பகலும் போனது. அதைவிடப் பெரிய இழப்பு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வைத்திருந்த ஜாய்ஸ்டிக் பட்டன்களும் கேமரா கோணங்களும் மொத்தமாக அழிந்தது. மூன்றாம் நாள் அதே பாதையில், அதே மேகத்தில், அதே முள் விழுந்தது. அப்போதுதான் சுவிட்ச் வரிசையைப் பார்த்தேன். வேகமானிக்குக் காற்றைக் கொண்டுவரும் பிட்டோ குழாயைச் சூடாக்கும் பிட்டோ ஹீட் அணைந்திருந்தது. போட்டுவிட்டுக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் முள் ஒரு துள்ளு துள்ளி எழுந்து பழைய இடத்துக்கு வந்தது. ஒரு சுவிட்சுக்காக மூன்று நாள்.

வேகமானிக்கு வேகம் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டு அழுத்தங்களின் வித்தியாசம்தான். இறக்கையின் அடியில் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ டியூபில் எதிர்க்காற்று மோதும் அழுத்தம் ஒன்று. பக்கவாட்டில் இருக்கும் ஸ்டாட்டிக் போர்ட் வழியாக வரும் சாதாரணக் காற்றழுத்தம் இன்னொன்று. பிட்டோவின் வாய் பனியில் அடைபட்டு, தண்ணீர் வடிவதற்கான சிறு துளை மட்டும் திறந்திருந்தால், குழாய்க்குள் இருந்த அழுத்தம் அந்தத் துளை வழியே கசிந்துவிடும். முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். எனக்கும் அந்தத் தம்பிக்கும் நடந்தது இதுதான்.

அதனால் முள் விழுந்தால் முதலில் பாஸ் பண்ணுங்கள். ஆல்டிமீட்டரையும் ஏற்ற இறக்கம் காட்டும் விஎஸ்ஐ-யையும் பாருங்கள். இரண்டும் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தால் கோளாறு பிட்டோ பக்கம். பிட்டோ ஹீட்டைப் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் விசை அமைப்பை மாற்றாமல் வைத்திருந்தால் ஷிஃப்டும் ஹெச்சும் சேர்த்து அழுத்தினால் போதும். ஏறும்போதும் ஆல்டிமீட்டர் உறைந்து, விஎஸ்ஐ பூஜ்யத்தில் கிடந்தால் கோளாறு ஸ்டாட்டிக் பக்கம். மூன்றில் எது பிழைத்திருக்கிறது என்று பார்க்கப் பத்து விநாடிகூட ஆகாது.

வேக்குவம் பம்பைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. அது ஓட்டுவது செயற்கை அடிவானம் போன்ற, உள்ளே சக்கரம் சுழலும் கைரோ கருவிகளை. வேகமானிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திரையிலேயே எல்லாம் தெரியும் கிளாஸ் காக்பிட் விமானத்தில் வேகப் பட்டை மறைந்து சிவப்புப் பெருக்கல் குறி வந்தால், அது தவறான எண் அல்ல, தகவலே வரவில்லை என்று அர்த்தம்.

முள்ளைத் துரத்துவது

பிட்டோவின் வாயோடு வடிகால் துளையும் அடைபட்டால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே அழுத்தம் அப்படியே சிறைப்படும், மேலே போகப் போக வெளி அழுத்தம் குறையும், வித்தியாசம் கூடும். வேகம் ஏறுவதாக முள் காட்டும். கணக்குப் போட்டால் எவ்வளவு பயங்கரம் என்று தெரியும். 100 நாட் வேகத்தில் பிட்டோவுக்குள் சேரும் கூடுதல் அழுத்தம் சுமார் 16 ஹெக்டோபாஸ்கல்தான். கடல்மட்டத்துக்கு அருகே 500 அடி ஏறினாலே காற்றழுத்தம் ஏறத்தாழ 18 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். அதாவது உண்மையில் 100 நாட்டில் போய்க்கொண்டிருப்பீர்கள். முள் 145-ஐத் தொடும். வேகம் அதிகமாகிவிட்டதே என்று மூக்கைத் தூக்குவீர்கள். இன்னும் ஏறும், முள் இன்னும் கூடும், மறுபடி தூக்குவீர்கள். முடிவு ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து விமானம் விழுவது.

இது சிமுலேட்டர் கற்பனை இல்லை. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில், பயணிகள் இல்லாமல் போன நார்த்வெஸ்ட் 6231 என்ற போயிங் 727 இப்படித்தான் விழுந்தது. பிட்டோ ஹீட் போடப்படவில்லை. வேகம் 400 நாட்டைத் தாண்டியதாகக் கருவி காட்ட, விமானிகள் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனார்கள். விமானத்தில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள்.

முள்ளை நம்ப முடியாதபோது நம்ப வேண்டியது மூக்கின் கோணத்தையும் எஞ்சின் பவரையும்தான். அதற்கு உங்களிடம் எண்கள் இருக்க வேண்டும். எல்லாக் கருவியும் நன்றாக இருக்கும் ஒரு நாளில், சமமாகப் பறக்க எத்தனை ஆர்பிஎம், அப்போது செயற்கை அடிவானத்தில் மூக்கு எங்கே நிற்கிறது, ஏறும்போது எங்கே, இறங்கும்போது எங்கே என்று ஒரு தாளில் குறித்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். நான் ஒட்டிய தாள் பழுப்பேறிவிட்டது, இன்னும் எடுக்கவில்லை.

மேகத்துக்குள் போன பிறகு பிட்டோ ஹீட் போடுவது

வெளியே 4 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருந்தால், நுழைவதற்கு முன்பே போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஆல்டர்னேட் ஸ்டாட்டிக்கை இழுப்பது

ஆல்டர்னேட் ஸ்டாட்டிக் என்பது ஸ்டாட்டிக் போர்ட்டுக்கு மாற்றாக இருக்கும் வழி. அடைபட்ட பிட்டோவுக்கு அது ஒன்றும் செய்யாது. ஸ்டாட்டிக் போர்ட் அடைபட்டால் மட்டும்தான் அது மருந்து. அந்த நிலையில் ஏறும்போது வேகம் குறைவாகவும் இறங்கும்போது அதிகமாகவும் காட்டும். ஆல்டர்னேட்டைத் திறந்தால் காக்பிட்டுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் கருவிகளுக்குப் போகும். அது வெளியே இருப்பதைவிடப் பொதுவாகக் கொஞ்சம் குறைவு என்பதால் வேகமும் உயரமும் சற்றுக் கூடுதலாகத் தெரியும். சரிதான், அதைப் புதுப் பழுது என்று எண்ண வேண்டாம்.

ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டு முள்ளைக் குறை சொல்வது

10,000 அடியில் முள் 100 நாட் காட்டினால் காற்றில் உண்மை வேகம் சுமார் 116 நாட். ஜிபிஎஸ் காட்டுவது தரையோடு ஒப்பிட்ட வேகம். காற்று பின்னாலிருந்து வீசினால் அது இன்னும் கூடும். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் ஆச்சரியம். அப்புறம், சில சிமுலேட்டர்களில் முள்ளே உண்மை வேகத்தைக் காட்டும்படி ஓர் அமைப்பு உண்டு. அதைத் தெரியாமல் போட்டுவிட்டால், தரைக்கு அருகே எல்லாம் சரியாக இருக்கும், உயரம் போகப் போக முள் முரண்டு பிடிக்கும்.

40-க்குக் கீழே முள் அசையவில்லை என்று பதறுவது

செஸ்னா 172 டயலில் எண்கள் தொடங்குவதே அங்கேதான்.

போன வாரம் போட்ட ஃபெயிலியரை மறந்துவிடுவது

பயிற்சிக்காக நாமே கருவிகளைப் பழுதாக்கிப் பார்க்கும் வசதிதான் ஃபெயிலியர். அந்தப் பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றையும் அணையுங்கள்.

வீட்டில் செய்த டயலைக் கடைசியாகச் சந்தேகிப்பது

நிஜ முள், நிஜ சுவிட்ச் என்று காக்பிட் கட்டியவர்கள் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் திரையில் இருக்கும் டயலையும் மேசையில் இருக்கும் டயலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திரையில் 110, மேசையில் 85 என்றால் பிட்டோவும் இல்லை, பனியும் இல்லை. பெரும்பாலான டயல்களில் முள்ளைத் திருப்புவது ஸ்டெப்பர் மோட்டார். தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது, எத்தனை அடி எடுத்து வைத்தோம் என்ற எண்ணிக்கை மட்டும்தான். நடுவில் சில அடிகள் தவறினால் அந்தப் பிழை கடைசிவரை கூடவே வரும். தொடங்கும்போது முள் ஒருமுறை பூஜ்யம்வரை போய் இடித்துத் திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் அந்த ஹோமிங்கைச் சரிசெய்யுங்கள்.

சுவிட்ச் பேனல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மேசையில் பிட்டோ ஹீட் சுவிட்ச் கீழே இருக்கும், திரையில் மவுஸால் போட்டிருப்பீர்கள். பேனலின் நிரல் தன் நிலையை மறுபடி அனுப்பும்போது திரையில் போட்டது அணைந்துவிடும். சத்தம் எதுவும் வராது. மேகத்துக்குள் போன பிறகுதான் தெரியும்.