வீடு வாங்க ஏஜென்ட் புடிக்கிறப்போ

நம்ம மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்ல வீடு வேணும்னு சொன்னாலே தெரிஞ்ச அண்ணன், கோயில் கமிட்டி ஆளுன்னு நாலு பேரு புரோக்கரா வந்து நிப்பாங்க. நல்லவங்களாவே இருக்கட்டும், பதிவில்லாம இந்த வேலை செய்யறது 1981 எஸ்டேட் ஏஜென்ட் சட்டப்படி குத்தம். அதனால மொதல்ல ஆர்இஎன் டேக் (பதிவான ஏஜென்ட்டோட அடையாள அட்டை) கேளுங்க, அதுல நம்பரும் கியூஆர் கோடும் இருக்கும், ஏஜென்ட்டுங்கள பதிவு பண்ற லெம்பாகா பெனிலாய் வெப்சைட்லயும் பேர தேடிப் பாத்துக்கலாம். டேக் கேட்டதுக்கே மூஞ்ச தூக்கினா வேற ஆள பாருங்க.

காசு விஷயம்தான் முக்கியம். புக்கிங் பணம் பொதுவா வெலையில 2, 3 சதவீதம், அத ஏஜென்ட்டோட கம்பெனி அக்கவுண்டுக்கு மட்டும் போடுங்க, "என் அக்கவுண்டுக்கு போடுங்க அக்கா, சீக்கிரம் முடிச்சிடலாம்"னு சொன்னா போடவே போடாதீங்க, ரசீதும் கேட்டு வாங்குங்க. கமிஷன் பெரும்பாலும் விக்கிறவங்கதான் கொடுப்பாங்க, 3 சதவீதத்துக்கு மேல கேக்க முடியாது, சர்வீஸ் டேக்ஸ் தனி.

தோட்டத்து ஓரத்து நெலம்னா இன்னும் உஷாரா இருக்கணும். விவசாய நெலமா, மலாய்க்காரங்களுக்குன்னு ஒதுக்கின மலாய் ரிசர்வா, லீஸ் இன்னும் எத்தன வருஷம்னு ஏஜென்ட் வாயால சொன்னா பத்தாது, பெஜாபாட் தானாவுல (நில ஆபீஸ்ல) கிராண்ட்ட (நெலப் பத்திரத்த) சர்ச் போட்டு பாத்த பிறகு புக்கிங் போடுங்க. லாயர நீங்களே புடிங்க.