பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் முன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய பித்தளைச் சாமான் வாங்கி விற்கிறவர்கள், பாலிஷ் போட ஒரு பஃப் மெஷின் வேண்டும் என்று என் பட்டறைக்கு வருவார்கள். கையில் ஏதாவது ஒரு மோட்டார் இருக்கும். பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் கழற்றியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கை வையுங்கள், முனைக்கு டேப் சுற்றுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தொழில் பழகும்போது நான் செய்து, இன்றும் புதியவர்கள் விடாமல் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வயர் நிறத்தை நம்புவது

போன ஆடியில் ஒரு தம்பி வந்தான். ஆச்சி வீட்டில் ஒதுக்கிப் போட்ட மெஷினின் வாஷ் மோட்டார். மூன்று வயர்: சிவப்பு, கருப்பு, மஞ்சள். "சிவப்பு பேஸ், கருப்பு நியூட்ரல், சரியாத்தான் கொடுத்தேன் அண்ணே. உறுமுது, சுத்தல" என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் மோட்டார் பிழைத்திருக்கும். கெப்பாசிட்டர் பலம் போதவில்லை என்று யாரோ சொல்ல, 10 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 25 போட்டு, கையால் தள்ளிவிட்டு ஓட்டியிருக்கிறான். கவரைத் திறந்ததும் வார்னிஷ் கருகிய வாடை. ஒரு பக்கத்துச் சுற்று (வைண்டிங்) முழுக்கக் கரி. உள்ளே அலுமினியக் கம்பி. அதைத் திரும்பக் கட்டுகிற கூலிக்கு வேறு நல்ல மோட்டாரே வாங்கிவிடலாம்.

அந்த மோட்டாரில் காமன், அதாவது இரண்டு சுற்றும் சேருகிற பொது வயர், மஞ்சள். அடுத்த மோட்டாரில் அது வேறு நிறமாக இருக்கும். வீட்டு வயரிங்கில் சிவப்புக்கும் கருப்புக்கும் உள்ள அர்த்தம் மோட்டாருக்குள் கிடையாது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியாயிற்று! ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் நல்ல சுற்றை எரித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு மீட்டரை 200 ஓமில் வைத்து, மூன்று வயரையும் இரண்டிரண்டாக அளந்து எழுதுங்கள். போன வாரம் நான் அளந்த ஒன்று 22, 22, 44 காட்டியது. அதிகம் காட்டும் ஜோடிதான் இரண்டு முனைகள். மிச்சமிருக்கும் வயர் காமன். நியூட்ரல் காமனுக்கு, பேஸ் ஒரு முனைக்கு, கெப்பாசிட்டர் இரண்டு முனைகளுக்கும் நடுவில். பேஸை அடுத்த முனைக்கு மாற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றும்.

துணி பிழிகிற ஸ்பின் மோட்டார் என்றால் காமனிலிருந்து பார்க்கும் இரண்டு அளவும் சமமாக இருக்காது. குறைவாகக் காட்டுவது ரன்னிங், அதிகமாகக் காட்டுவது ஸ்டார்டிங். பேஸ் நேராக ரன்னிங்குக்குத்தான் போக வேண்டும். திசை மாற்றுகிறேன் என்று அதை ஸ்டார்டிங்குக்குக் கொடுத்தால் அந்தச் சுற்று சூடேறிக் கருகும்.

கெப்பாசிட்டரின் அளவை மோட்டாரில் ஒட்டியிருக்கும் லேபிளில் பாருங்கள். அதில் உள்ளதையே போடுங்கள், 440 வோல்ட் தாங்குவதாக. பெரிதாகப் போட்டால் வேகம் கூடாது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 4 போல் (நான்கு காந்த முனை உள்ள) மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுழற்சியைத் தாண்டவே தாண்டாது. கூடுவது சூடு மட்டும்தான்.

சீரீஸ் லாம்ப் இல்லாமல் முதல் சப்ளை கொடுப்பது

100 வாட் குண்டு பல்பை மோட்டாரோடு சீரீஸில், அதாவது பல்பு வழியாகவே மோட்டாருக்கு மின்சாரம் போகும்படி போட்டு முதல் சப்ளை கொடுங்கள். மோட்டார் மெதுவாகச் சுற்றலாம், சுற்றாமலும் போகலாம். பல்பைத்தான் பார்க்க வேண்டும். மங்கலாக எரிந்தால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். முழு வெளிச்சம் வந்தால் உள்ளே ஷார்ட். பல்பு காட்டிக்கொடுத்தது, மோட்டாருக்கோ ஃபியூஸுக்கோ சேதமில்லை.

மிக்சி மோட்டாரில் சாணைக்கல்

கூடவே கூடாது, அதன் வேகத்துக்குக் கல் வெடித்துச் சிதறும்.

ஸ்பின் மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டுவது

மெஷினில் அதன் டைமரே 5 நிமிடம்தான்; மணிக்கணக்கில் ஓடுவதற்கென்று செய்ததல்ல.

எர்த் இல்லாத பிளக்

பழைய வளவு வீடுகளில் இன்னும் இரண்டு பின் சாக்கெட்டுகள் உண்டு. முற்றத்தோரம் ஈரத் தரையில் உட்கார்ந்து, புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கைக் கழுவிய கையோடு பஃபில் பிடிக்கிறார்கள். பழைய மோட்டாரில் சுற்றின் காப்பு எங்கே உரிந்திருக்கிறது என்று வெளியில் தெரியாது. பாடியில் ஒரு போல்ட் போட்டு அதிலிருந்து பச்சை வயரை மூன்று பின் பிளக்குக்குக் கொண்டு வாருங்கள். அந்த சாக்கெட்டுக்கு உண்மையான எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் போடச் சொல்லுங்கள். இந்த இரண்டும் இல்லாத வீட்டுக்கு நான் மோட்டாரைத் திருப்பிக் கொடுப்பதில்லை.