மழையே படாத பைக் துருப்பிடிப்பது ஏன்? குளிர்கால கராஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று மாதம் கராஜுக்குள் பூட்டிவைத்த பைக். ஒரு சொட்டு மழைகூட மேலே விழவில்லை. ஆனாலும் வெளியே எடுக்கும்போது போல்ட் தலைகளில் துரு, செயினில் செம்புள்ளிகள், அலுமினியப் பாகங்களில் வெண்பூப்பு. இவ்வளவு ஈரமும் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்துதான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இன்ஜின்மேல் பகலின் வெதுவெதுப்பான காற்று பட்டதும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர்போல வண்டி வியர்க்கிறது. அதனால் ஒரே சீராக இருக்கும் குளிரைவிட, ஏறி இறங்கும் வெப்பநிலைதான் வண்டிக்குக் கெடுதல்.

தவறுகளிலேயே மோசமானது, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுவது. வண்டிமேல் உள்ள அக்கறையில்தான் பலரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓட்டினால் அந்த நீராவி சூட்டோடு வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் சைலன்சரும் சூடாகாது, ஆயிலும் சூடாகாது. நீராவி குளிர்ந்து சைலன்சருக்குள் தேங்கும். கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். அங்கே எரிபொருள் கழிவோடு சேர்ந்து அமிலமாகி உள்பாகங்களை அரிக்கும். அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட முடிந்தால் ஸ்டார்ட் செய்யுங்கள். முடியாவிட்டால் தொடவே வேண்டாம். அரிக்கும் கழிவு பழைய ஆயிலில் ஏற்கெனவே இருக்கும் என்பதால், ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துவதே சரி. வண்டியை எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது பிளாஸ்டிக் தார்ப்பாய். தரையிலிருந்து எழும் ஈரத்தை அது வெளியே விடாமல் வண்டியைச் சுற்றியே பிடித்துவைக்கும். காற்று புகும் துணி உறையே நல்லது. கான்கிரீட் தரை மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே விடும். டயருக்கு அடியில் ரப்பர் விரிப்போ பலகையோ போடுங்கள்.

கழுவிய கையோடு உள்ளே நிறுத்துவதும் தவறுதான். ஸ்விட்ச், கேபிள், பிரேக் காலிப்பர் இடுக்குகளில் தங்கும் தண்ணீர் துணிக்கு எட்டாது. அதற்காகக் கழுவாமலும் விடக் கூடாது; பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு ஒட்டியிருந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கழுவி, ஒரு சுற்று ஓட்டிக் காயவைத்து, செயினுக்கு லூப் (உராய்வைக் குறைக்கும் எண்ணெய்) அடித்துவிட்டு நிறுத்துங்கள். துருத் தடுப்பு ஸ்பிரே எதுவும் பிரேக் டிஸ்க்கில் பட்டுவிடக் கூடாது. டிஸ்க்கில் லேசாகப் படியும் துரு முதல் சில பிரேக்கில் போய்விடும். எண்ணெய் பட்டால் பிரேக்கே பிடிக்காது.

குளிரைப் போக்க கேஸ் ஹீட்டர் வைப்பவர்கள் உண்டு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலக்கும். அது நேராகப் போய் குளிர்ந்த இரும்பில்தான் படியும். மூடிய அறைக்குள் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். ஈரப்பதமானி ஒன்றை மாட்டிவைத்து, அளவு கூடினால் டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் கருவி) போடுங்கள். காற்றைக் குளிரவைத்து ஈரத்தைப் பிரிக்கும் கம்ப்ரஸர் வகை கடும் குளிரில் திணறும். உறிஞ்சுபொருள் வகை தாக்குப்பிடிக்கும். பனியோடு வந்த காரை அதே கராஜில் நிறுத்தாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இரும்பு டேங்க்கைப் பாதி காலியாக விட்டால் காலி இடத்துக் காற்று உள்சுவரில் நீராகப் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த நீரை உறிஞ்சும்; அளவு மீறினால் அந்த நீர் எத்தனாலோடு தனியே பிரிந்து அடியில் தங்கும். டேங்க்கை நிரப்பி, ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவம்) ஊற்றி, அது இன்ஜின்வரை போய்ச் சேரும்படி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

சைலன்சர் நன்றாக ஆறிய பிறகு அதன் வாயைத் துணியால் அடைக்கலாம். அடைத்தது நினைவில் இருக்க, ஹேண்டில்பாரில் சாவி போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிடுங்கள்.