போர்க்யுபைன் ட்ரீ கேட்கத் தொடங்குவோர் எங்கே வழிதவறுகிறார்கள்

புதிதாக ஓர் இசைக்குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் ஆல்பங்களின் பட்டியலைத் திறந்து, வெளியான வரிசையில் முதலாவதிலிருந்து கேட்டு வருவது ஒழுங்கான வழியாகத் தோன்றும். பல குழுக்களுக்கு அது சரிதான். இங்கிலாந்தைச் சேர்ந்த போர்க்யுபைன் ட்ரீக்கு மட்டும் அது ஒத்துவராது. நீண்ட, சிக்கலான கட்டமைப்பை விரும்பும் ராக் வகையான நவீன புரோகிரசிவ் ராக் இசையில் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். அந்த வாசலைத் தட்டிவிட்டு, தவறான அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து திரும்பிப் போனவர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வரிசைப்படி கேட்பது ஏன் பொருந்தாது? இந்தக் குழு தொடங்கியபோது குழுவாகவே இல்லை. 1987-ல் ஸ்டீவன் வில்சன் என்ற இளைஞர் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் ஊரில் இருந்தபடி, நண்பர் ஒருவரோடு சேர்ந்து விளையாட்டாகக் கற்பனை செய்த குழு இது. இல்லாத கலைஞர்களுக்குப் பெயரும் வாழ்க்கை வரலாறும் எழுதிவைத்து, இசை முழுவதையும் ஏறக்குறையத் தனியாளாகவே வீட்டில் பதிவு செய்து கேசட்டுகளாக வெளியிட்டார். அந்தக் கேசட்டுகளிலிருந்து தேர்ந்தெடுத்த பதிவுகள்தான் 1992-ல் ‘ஆன் தி சண்டே ஆஃப் லைஃப்’ என்ற முதல் ஆல்பமாக வந்தன. அறுபதுகளின் சைக்கடெலிக் (கனவுமயக்கம் போன்ற ஓசைகள் கொண்ட) இசை மேல் காதல் கொண்ட ஒருவரின் சோதனைக்கூடம் அது. குரல்களை வேண்டுமென்றே கோணலாக்கியிருப்பார், திடீரென்று துண்டு துண்டான ஓசைகள் வந்துபோகும். ‘ரேடியோஆக்டிவ் டாய்’ போன்ற அருமையான பாட்டும் அதில் உண்டு. ஆனால் பின்னாளில் இந்தக் குழுவை உலகம் நேசித்ததற்கான காரணங்கள் அங்கே அரும்பாகக்கூட முழுமையாகத் தெரிவதில்லை. முதல் ஆல்பத்தில் தொடங்கியவர் இரண்டாம் ஆல்பத்துக்குள் போவதே அபூர்வம்.

எனவே நடுவிலிருந்து தொடங்குங்கள். 2002-ல் வந்த ‘இன் அப்சென்ஷியா’தான் சரியான இடம். அப்போது குழுவில் நால்வர்: பாட்டும் கிடாரும் வில்சன், கீபோர்டு ரிச்சர்ட் பார்பியேரி, பேஸ் கிடார் காலின் எட்வின், டிரம்ஸ் கேவின் ஹாரிசன். ஹாரிசன் அந்த ஆண்டுதான் சேர்ந்தார். அதற்குச் சற்று முன்னர் வில்சன் ஸ்வீடனின் ஓபெத் குழுவுக்கு ‘பிளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்திருந்தார். அங்கே நெருங்கிப் பழகிய மெட்டல் (கனத்த, முரட்டு ராக் வகை) கிடாரின் கனம், ஏற்கெனவே தன்னிடமிருந்த மெல்லிசையோடு இந்த ஆல்பத்தில் வந்து கலந்தது.

முதல் பாட்டு ‘பிளாக்கஸ்ட் ஐஸ்’ கனத்த கிடாரோடு இடித்துக்கொண்டு வரும். கொஞ்ச நேரத்தில் அது சட்டென்று விலகி, மென்மையான கிடார் மீட்டலும் இனிய மெட்டும் வந்து உட்காரும். இரண்டு உலகங்களும் ஒரே பாட்டில் சண்டையின்றி வாழ்கின்றன. அடுத்தது ‘ட்ரெயின்ஸ்’. ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டு. கம்பிகள் ஒவ்வொன்றாகக் காதில் விழும்படி அகௌஸ்டிக் கிடார் தொடங்க, கோடைக்கால நினைவுகளைப் பாடிக்கொண்டே போகிறது. நடுவில் எல்லாம் அடங்கிக் கைதட்டலின் மேல் பாஞ்சோ துள்ளுகிறது. பிறகு மொத்தக் குழுவும் மறுபடி உள்ளே வருகிறது. அந்த மறுவருகைக்காகவே இந்தப் பாட்டை ஆயுள் முழுவதும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இது பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவைத் தேடிப் போவதில் குற்றமில்லை. பிடித்துவிட்டால் முன்னும் பின்னும் போக உங்களுக்குப் பாதை கிடைத்துவிட்டது.

அடுத்த தவறு எதிர்பார்ப்பில் நிகழ்கிறது. எழுபதுகளின் புகழ்பெற்ற ஆங்கிலேய ராக் குழுவை நினைத்து, ‘இவர்கள் இன்றைய பிங்க் ஃபிளாய்ட்’ என்று யாராவது சொல்லியனுப்பியிருப்பார்கள். அல்லது மெட்டல் ரசிகர் ஒருவர் தன் வகையைச் சேர்ந்தவர்கள் என்று பரிந்துரைத்திருப்பார். இரண்டும் பாதி உண்மை. 1995-ன் ‘தி ஸ்கை மூவ்ஸ் சைட்வேஸ்’ ஆல்பத்தில், ஒரே நீண்ட படைப்பை இரண்டாகப் பிரித்து ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்திருக்கிறார்கள். பிங்க் ஃபிளாய்டின் நிழல் அதில் மறைக்க முடியாதபடி விழுந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு 2005-ன் ‘டெட்விங்’ பக்கம் போகிறவர், அங்கே அறைகிற கிடாரைக் கேட்டு ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார். மெட்டலை எதிர்பார்த்து 2000-ன் ‘லைட்பல்ப் சன்’னைத் திறந்தவருக்கோ அது பாப் பாட்டுத் தொகுப்பாகப் படுகிறது. ஒவ்வொரு காலத்திலும் தன்னை மாற்றிக்கொண்ட குழு இது. மிதக்கும் நீண்ட வாத்திய இசை ஒரு காலம். ‘ஸ்டூபிட் ட்ரீம்’, ‘லைட்பல்ப் சன்’ ஆல்பங்களில் வரும் கச்சிதமான பாட்டுகள் ஒரு காலம். 2002-க்குப் பிந்திய கனம் ஒரு காலம். எந்த ஆல்பம் எந்தக் காலத்தது என்று மட்டும் தெரிந்துகொண்டு உட்காருங்கள். ‘புரோகிரசிவ்’ என்ற முத்திரையை வில்சனே முழுமனதோடு ஏற்றுக்கொண்டதில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பாட்டுகளைக் கலைத்துப்போட்டுக் கேட்பது. கைபேசி தன் விருப்பப்படி ஒரு பாட்டை எங்கிருந்தோ எடுத்து ஒலிக்கவிடும் பழக்கம் நமக்கு ஊறிவிட்டது. 2007-ல் வந்த ‘ஃபியர் ஆஃப் எ பிளாங்க் பிளானெட்’ ஆல்பத்தை அப்படிக் கேட்டால் அந்த ஆல்பத்தையே நீங்கள் கேட்கவில்லை என்றுதான் பொருள். ஆறே பாட்டுகள், சுமார் ஐம்பது நிமிடம், ஒன்றிலிருந்து ஒன்று இடைவெளியின்றி ஓடும் கட்டமைப்பு. வீட்டுக்குள் அடைந்து, தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் மாத்திரைக்கும் இடையில் எதிலும் பற்றில்லாமல் மரத்துப்போன ஒரு பதின்வயதுப் பையனின் மனம்தான் களம். அமெரிக்க எழுத்தாளர் பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் ‘லூனார் பார்க்’ நாவல் தந்த தூண்டுதலில் வில்சன் எழுதியது. கைபேசித் திரைகள் இன்றைய அளவுக்கு வீட்டை ஆளத் தொடங்குவதற்கு முன்பே இதை எழுதினார் என்பது இப்போது கேட்கும்போது நெஞ்சை உறுத்துகிறது.

அதன் நடுவில் நிற்பது ‘அனஸ்தடைஸ்’. பதினேழு நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு. நீளத்தைப் பார்த்ததுமே தாண்டிப்போய்விடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். அதை மூன்று பகுதிகளாக எண்ணிக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் ஹாரிசனின் டிரம்ஸ் அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருக்க, வில்சன் ஏறக்குறைய உணர்ச்சியற்றுப் பாடுகிறார். அந்தப் பகுதியின் கிடார் தனி வாசிப்பு கனடாவின் ரஷ் குழுவைச் சேர்ந்த அலெக்ஸ் லைஃப்சனுடையது. நடுப்பகுதி கோபம், கிடாரும் டிரம்ஸும் இறுகிக்கொண்டே போகின்றன, மூச்சுவிட இடமில்லை. கடைசி ஐந்து நிமிடங்களில் அந்த இறுக்கம் முழுவதும் கரைந்து, அடுக்கடுக்கான குரல்கள் அலைபோல மேலெழுந்து தணிகின்றன. நடுப்பகுதியைத் தாங்கிக்கொண்டு வந்தவருக்குத்தான் அந்தக் குரல்களின் நிம்மதி புரியும். கடைசிப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துக் கேட்டால் அழகான ஓசை என்பதோடு நின்றுவிடும்.

கேட்கும் செயலியின் அமைப்புகளில் ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் ஒன்றின்மேல் ஒன்று மங்கலாக்கிக் கலக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இடைவெளியின்றி ஒலிக்கவிடும் வசதி இருந்தால் இயக்குங்கள். கைபேசியின் சிறு ஸ்பீக்கரிலும் இதைக் கேட்க வேண்டாம். இந்த ஆல்பத்தின் சரவுண்ட் (கேட்பவரைச் சுற்றிலும் ஒலிக்கும்) ஒலிக்கலவை கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த அளவுக்கு ஒவ்வோர் ஒலியையும் எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். சுமாரான ஹெட்போன் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

தாளத்தை எண்ணிக்கொண்டே கேட்பதும் ஒரு பொறி. புரோகிரசிவ் ராக் என்றாலே சிக்கலான கணக்கு என்று கேள்விப்பட்டு, விரலை மடக்கியபடி உட்காருபவர்கள் உண்டு. ‘இன் அப்சென்ஷியா’வில் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசாக்’ என்ற பாட்டின் சரணங்கள் ஏழு எண்ணிக்கையில் ஓடி, பல்லவி நான்குக்கு மாறுகிறது. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு ஏழு ஒன்றும் அந்நியமல்ல. நம் காதுகள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவை. ஆனால் ஹாரிசனின் மேன்மை, ஏழு என்பதே தெரியாதபடி அதை வழுக்கிக்கொண்டு போகவைப்பதில்தான் இருக்கிறது. சரணத்தில் அவர் சிம்பல்களின் மேல் வைக்கும் சிறு சிறு அடிகளை மட்டும் ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். பல்லவி வரும்போது தளை அவிழ்ந்ததுபோல் உடல் தானாகவே உணரும். எண்ணிக்கை பிறகு வரட்டும்.

பாடல் வரிகளைப் பொருட்படுத்தாமல் விடுவது அடுத்தது. வில்சன் தெளிவாகவே பாடுகிறார், ஆனால் குரலைப் பல அடுக்குகளுக்கு நடுவே வைக்கிறார். வரிகளை எதிரே வைத்துக்கொண்டு ஒருமுறையாவது கேட்க வேண்டும். இசை இனிமையாக இருக்கிறது என்பதால் பொருளும் இனிமையானது என்று எண்ணிவிட முடியாது. ‘இன் அப்சென்ஷியா’வின் பல பாட்டுகள் தொடர் கொலைகாரர்களின் மனத்துக்குள் புகுந்து எழுதப்பட்டவை. வீட்டில் குழந்தைகளோடு கேட்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

வில்சன் வேறு, போர்க்யுபைன் ட்ரீ வேறு என்று பிரித்தறியாமல் குழம்புகிறவர்கள் நிறைய. அவர் தன் பெயரில் வெளியிட்ட ஆல்பங்கள் தனி நீண்ட வரிசை. இஸ்ரேலியப் பாடகர் அவிவ் கெஃபனோடு சேர்ந்து பிளாக்ஃபீல்ட் குழு, பாடகர் டிம் பௌனஸோடு சேர்ந்து நோ-மேன் குழு என்று அவருக்கு இன்னும் முகங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொட்டிக் கேட்டால் எதுவும் நிற்காது. அதைவிடப் பெரிய நஷ்டம், மற்ற மூவரைக் கவனிக்காமல் போவது. பார்பியேரி இதற்கு முன் ஜப்பான் என்ற ஆங்கிலேயக் குழுவில் இருந்தவர். மற்ற புரோகிரசிவ் குழுக்களின் கீபோர்டு கலைஞர்களைப் போல விரல்வேகம் காட்டி முன்னால் வந்து நிற்கவே மாட்டார். பின்னணியில் நிறங்களைப் பூசிக்கொண்டிருப்பார். ஒரு பாட்டை மூன்றாம், நான்காம் முறை கேட்கும்போது, கிடாரை மனத்தால் விலக்கிவிட்டு அதன் பின்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நால்வர் குழுவாகச் சேர்ந்தே ஒரு ஆல்பத்தை முழுதாக வளர்த்தெடுப்பது 1996-ன் ‘சிக்னிஃபை’யில்தான் தொடங்குகிறது. அப்போது டிரம்ஸில் கிரிஸ் மெய்ட்லாண்ட்.

பழைய ஆல்பங்களுக்குத் திரும்பும்போது எந்தப் பதிப்பு என்பதைப் பாருங்கள். 1993-ன் ‘அப் தி டவுன்ஸ்டேர்’ முதலில் இயந்திர டிரம்ஸோடு வந்தது. 2005 மறுபதிப்பில் அதை எடுத்துவிட்டு ஹாரிசன் புதிதாக வாசித்ததைச் சேர்த்தார்கள். இருவர் ஒரே ஆல்பத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கும்போது இருவரும் கேட்டதே வேறாக இருக்கும். முதல்முறை கேட்பவருக்கு 2005 பதிப்பைத்தான் பரிந்துரைப்பேன். ‘தி ஸ்கை மூவ்ஸ் சைட்வேஸ்’ ஆல்பமும் பிரிட்டனில் ஒரு பாட்டு வரிசையோடும் அமெரிக்காவில் வேறு வரிசையோடும் வெளியானது.

2009-ன் ‘தி இன்சிடென்ட்’ பதினான்கு பகுதிகள் கொண்ட, ஐம்பத்தைந்து நிமிடம் நீளும் ஒரே படைப்பு. கூடவே தனித்தட்டில் நான்கு பாட்டுகள். இதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்டால் களைப்புதான் மிஞ்சும். ‘இன் அப்சென்ஷியா’, ‘ஃபியர் ஆஃப் எ பிளாங்க் பிளானெட்’, ‘டெட்விங்’, பிறகு ‘லைட்பல்ப் சன்’ எல்லாம் பழகியபின் இதற்கு வாருங்கள்.

2010-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்ததோடு குழு ஓய்ந்தது. 2022-ல் ‘குளோஷர் / கன்டினுவேஷன்’ வந்தபோது, பழைய பெயரை வைத்துப் பணம் பார்க்க வந்திருப்பார்கள் என்று கேட்காமலேயே ஒதுக்கியவர்கள் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. இடைப்பட்ட ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த இசை அது. வில்சனும் ஹாரிசனும் அருகருகே உட்கார்ந்து, வில்சன் கையில் கிடாருக்குப் பதில் பேஸ் கிடாரோடு தொடங்கியது. எட்வின் இதில் இல்லை. அதனால் ‘ஹாரிடன்’ பாட்டின் முதல் விநாடிகளிலேயே முன்னால் வந்து நிற்பது பேஸ் கிடார்தான், அதுவும் ஐந்தின் கணக்கில். முந்தைய எந்த ஆல்பமும் இப்படித் தொடங்கியதில்லை. இதைக் கேட்டபின் 2022 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கச்சேரியின் பதிவைத் தேடிப்பிடியுங்கள். மேடைக்கென்று சேர்ந்த ராண்டி மெக்ஸ்டைனும் நேட் நவாரோவும் உடன் வாசிக்க, ‘ஹாரிடன்’னும் ‘ட்ரெயின்ஸ்’ஸும் ‘அனஸ்தடைஸ்’ஸும் ஒரே இரவில் அதில் கிடைக்கின்றன.