காட்பாடி மாதிரி ரயில் லேஅவுட்டுக்குக் காலத்துக்கேற்ற கூட்ஸ் வேகன்களைத் தேர்ந்தெடுப்பது

வேகன் வாங்குவதற்கு முன்பே ஆண்டை முடிவு செய்துவிடுங்கள். 'பழைய காலம்' என்று பொதுவாகச் சொன்னால் உதவாது. 1972, 1990, 2015 என்று ஓர் எண் வேண்டும். அந்த ஆண்டுக்குப் பிறகு தயாரான வேகன் ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது. அதற்கு முன்பு தயாரானவை வரலாம், ஆனால் எதோடு கோத்து ஓட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். லேஅவுட்டுகள் பெரும்பாலும் தவறுவது இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

காட்பாடியில் ஆண்டை வைத்தே எல்லாம் மாறிவிடும். ஜோலார்பேட்டைக்குப் போகும் பிராட்கேஜும், விழுப்புரத்திலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வழியாக வந்து பாகாலா பக்கம் போகும் மீட்டர்கேஜும் அங்கேதான் சந்தித்தன. 1980-களில் பிராட்கேஜுக்கு மேலே மின்கம்பி வந்தது. 2010-ஐ ஒட்டி மீட்டர்கேஜ் அங்கிருந்து மறைந்தே போனது. எங்களைக் கேட்டால் 1990-ஐ எடுத்துக்கொள்ளுங்கள் என்போம். மின்கம்பி, மீட்டர்கேஜ், பழைய நாலு சக்கர வேகன், புதிய பாக்ஸ்என் எனும் எட்டுச் சக்கரத் திறந்த வேகன்களின் ரேக் (ஒரே வண்டியாகக் கோத்த வேகன் தொடர்) எல்லாவற்றையும் ஒரே லேஅவுட்டில் நியாயமாக வைக்க முடிகிற காலம் அது. இரண்டு கேஜ் சேரும் இடத்தில் சரக்கை வேகன் விட்டு வேகன் மாற்றி ஏற்ற வேண்டும். நடுவில் ஒரு மேடை, ஒரு பக்கம் சிஆர்டி எனும் பிராட்கேஜ் மூடு வேகன், மறுபக்கம் மீட்டர்கேஜ் மூடு வேகன்: இதற்கு ஓரடி இடம் ஒதுக்கினாலே ஊர் அடையாளம் வந்துவிடும்.

இனி எது எப்போது வந்தது என்று பார்க்கலாம். சிஆர், சிஆர்டி எனும் நாலு சக்கர மூடு வேகன்களும், கேசி எனும் திறந்த வேகனும், டிபி டேங்கரும் 1960, 70-களின் அன்றாட வண்டிகள். எட்டுச் சக்கரத் திறந்த வேகனான பாக்ஸும் மூடு வேகனான பிசிஎக்ஸும் 1960-களில் சேர்ந்தன. பாக்ஸ்என் 1980-களின் தொடக்கம். மூடு வேகனான பிசிஎன் அதே பத்தாண்டில் பின்தொடர்ந்தது. கன்டெய்னர் ஏற்றும் தாழ்தள பிஎல்சி 1990-களைச் சேர்ந்தது. பாக்ஸ்என்எச்எல், பிசிஎன்எச்எல் இரண்டும் 2000-களின் பிற்பாதிக்கு உரியவை. 1990 லேஅவுட்டில் இவை இரண்டையும் பிஎல்சியையும் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

கோக்கும் விதிக்கு வருவோம். பாக்ஸ், பிசிஎக்ஸ், சிஆர்டி வெற்றிடத்தால் இயங்கும் வாக்குவம் பிரேக் வண்டிகள். பாக்ஸ்என், பிசிஎன் அழுத்தக் காற்றால் இயங்கும் ஏர் பிரேக். பெயரின் கடைசி 'என்' அதைத்தான் சொல்கிறது. பிரேக் குழாய் ஒன்றோடொன்று சேராததால் இரண்டையும் கலந்து ஒரே ரேக்காக ஓட்டுவதில்லை. 1990-ல் இரண்டு வகையும் காட்பாடி யார்டில் அடுத்தடுத்த லைனில் நிற்கலாம், ஒரே வண்டியில் கலக்கக் கூடாது. கார்டு இருக்கும், கடைசியில் மாட்டும் பிரேக் வேனும் அந்தந்த வகைக்கு ஏற்றதாக இருக்கட்டும்: ஏர் பிரேக் ரேக்குக்கு பிவிஇசட்சி.

வேகன்களை இணைக்கும் கப்ளிங்கையும் பார்க்க வேண்டும். பழைய நாலு சக்கர வேகனுக்கு மோதலைத் தாங்கும் இரண்டு பஃபரும் நடுவில் ஸ்க்ரூ கப்ளிங்கும். பாக்ஸ்என்னுக்குப் பஃபரே கிடையாது, நடுவில் பஃபரின் வேலையையும் செய்யும் சிபிசி கப்ளர் மட்டும். எச்ஓ எனும் 1:87 மாதிரி அளவில் கேடீ நிறுவனத்தின் நம்பர் 5 கப்ளர் சிபிசிக்குப் பொருத்தமாகவே தெரியும். அதையே பஃபர் உள்ள வேகனில் மாட்டினால் பஃபர் குறுக்கே நிற்கும், வளைவில் தடம் புரளும்.

அளவுகளை ஸ்கேல் போட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கப்ளர் முகத்திலிருந்து முகம் வரை பாக்ஸ்என் 10,713 மி.மீ.; எச்ஓவில் (1:87) 123 மி.மீ. பழைய பாக்ஸ் 13,729, அதாவது 158. பிசிஎன் 15,429, அதாவது 177. பிசிஎன்எச்எல் 10,963, அதாவது 126. 'பிசிஎன்' என்று விற்கும் பெட்டி 130-க்குள் இருந்தால் அது வேறு வண்டி. அமெரிக்க ஹாப்பரை பாக்ஸ்என் என்று ஏற்காதீர்கள். ஹாப்பருக்கு அடி சரிவு, பாக்ஸ்என்னுக்குத் தட்டையான அடியும் பக்கக் கதவும். புதிய பாக்ஸ்என் சக்கரம் 1,000 மி.மீ. விட்டம். அமெரிக்கக் கிட்டில் வரும் 33 அங்குலச் சக்கரம் எச்ஓவில் 9.6 மி.மீ. தான் இருக்கும், வண்டி தரையில் உட்கார்ந்தது போலாகும், 11 மி.மீ. ஐரோப்பியச் சக்கரம் வாங்கி மாற்றுங்கள்.

தண்டவாளத்தில் ஒரு சமரசம் தவிர்க்க முடியாது. நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ. என்பதால் 1:87-ல் 19.3 வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5. மீட்டர்கேஜுக்கு 11.5 வேண்டும், 12 மி.மீ. தண்டவாளம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. பிராட்கேஜையும் துல்லியமாகச் செய்ய ஆசைப்பட்டால் தண்டவாளம், தடம் மாற்றும் பாயிண்ட், ஆக்சில் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும். வேகன் உடலைச் சரியாக வைத்துவிட்டு 16.5-ல் ஓட்டுவதே நல்ல முடிவு.

வேகனின் பக்கத்தில் இருக்கும் எண்ணும் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். இன்றைய 11 இலக்க எண்ணில் 5, 6-ஆவது இலக்கங்கள் தயாரிப்பு ஆண்டு. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது: இரட்டைப்படை இடத்து இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றைப்படை இடத்து இலக்கங்களின் கூட்டலைச் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே அது. 31 06 99 1234 என்றால் 66-ம் 16-ம் சேர்ந்து 82, ஆகவே கடைசியில் 8. ஆனால் இந்த முறை 2000-களில்தான் வந்தது. 1990 வேகனில் 11 இலக்கம் ஒட்டினால் மற்ற எல்லா உழைப்பும் வீண். குறுகிய பழைய எண்ணும் 'எஸ்ஆர்' (தெற்கு ரயில்வே) போன்ற ரயில்வே எழுத்தும் போதும். பக்கத்தில் எழுதும் பிஓஎச் (குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்யும் பெரிய பராமரிப்பு) தேதியும் உங்கள் ஆண்டைத் தாண்டக் கூடாது.

உண்மையில் பாக்ஸ்என் ரேக் 58 வேகன். எச்ஓவில் ஏழு மீட்டருக்கு மேல் நீளும். பத்து ஒரே வகை வேகனும் ஒரு பிரேக் வேனும் வைத்தால் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும், கண்ணுக்கும் ரேக்காகவே தெரியும். பத்துக்குப் பத்து வகை வாங்கிக் கோத்தால் அது காட்சிப் பெட்டியாகிவிடும்.

எடையை எல்லா வேகனுக்கும் ஒரே முறையில் வையுங்கள்: 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். பாக்ஸ்என்னுக்கு ஏறத்தாழ 96 கிராம் வரும். திறந்த வேகனில் எடையை ஒளிக்க இடம் கிடையாது. ஈயத்தை அடியில் ஒட்டி, மேலே நிலக்கரித் துகளை மெல்லிய கோந்தில் பரப்புங்கள். காலி பாக்ஸ்என்னை ரேக்கின் கடைசியில் விடுங்கள். முன்னால் வைத்தால் பின்னால் வரும் பாரம் வளைவில் அதை உள்பக்கமாக இழுத்துச் சாய்த்துவிடும்.