சிலம்பைக் கைக்குக் கை பின்தொடர்ந்து படிப்பது எப்படி

சனிக்கிழமை மாலைகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சிலப்பதிகாரம் படிக்கிறேன். சிலம்பு எதற்குக் குறியீடு என்று கேட்டால், "கற்புக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அதோடு நின்றால், கள்ளமில்லாத ஒரு வாழ்வு எப்படிச் சிதைந்தது என்பது கண்ணில் படாமலே போகும்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிலம்பு வரும் இடங்களைக் காதையின் (காப்பியத்தின் உட்பிரிவு) பெயரோடு குறியுங்கள். பக்கத்தில் இரண்டு கட்டம்: அது யார் கையில் இருக்கிறது? அவர் அதை என்னவாகப் பார்க்கிறார்?

4-ஆம் காதையில் வருவது சிலம்பு இல்லாத கால். கோவலன் மாதவியிடம் இருக்கிறான். கண்ணகியின் அடிகள் வெறுமையாக இருக்கின்றன. இல்லாததையும் எழுதிவையுங்கள். 9-ஆம் காதையில் அவன் திரும்பி வந்து, முன்னோர் தேடிய பொருளெல்லாம் போயிற்று, நாணமாக இருக்கிறது என்கிறான். அவள் முகத்தில் சிரிப்பு. "சிலம்பு உள கொண்ம்" என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குறை, ஒரு கேள்வி கிடையாது. இந்த இடத்தை இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள், அவசரமே வேண்டாம்.

நடுவில் மதுரை மதிலின் கொடிகள் "வராதே" என்று கைகாட்டுவதாக இளங்கோ எழுதுகிறார். பிள்ளைகள் ஆசையாக அதையும் இதே பட்டியலில் சேர்ப்பார்கள். அது முன்னறிகுறி, வேறு பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் 16-ஆவது, கொலைக்களக் காதை. வாழைக் குருத்திலையில் அவள் பரிமாறியதை உண்டுவிட்டு, ஒற்றைச் சிலம்போடு கோவலன் கிளம்புகிறான். அவனுக்கு அது வணிகத்துக்கான முதல். அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருக்கும் பொற்கொல்லனுக்கோ அது தப்பிக்கும் வழி. ஊடிய தேவியைத் தேடி விரையும் பாண்டியனுக்கு அது களவுப் பொருள். அதே நகைதான், ஆனால் கட்டத்துக்குக் கட்டம் அதன் பெயர் மாறுகிறது. உள்ளே என்ன பரல், அதாவது ஒலிப்பதற்காக இட்ட சிறு கல், என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குள் வாள் இறங்கிவிடுகிறது.

அந்தக் கேள்வி 20-ஆவதான வழக்குரை காதையில்தான் வருகிறது. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எங்களுடையது முத்து என்கிறான் அரசன். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பை வரவழைத்து வைக்கிறார்கள். அவள் அதை உடைக்கிறாள், மாணிக்கம் அரசன் முகத்தருகே தெறிக்கிறது. கணவன் கள்வன் அல்லன் என்று காட்ட, தான் மனதாரக் கொடுத்ததையே அவள் உடைக்க வேண்டியிருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இங்கே தொண்டை அடைத்துக்கொள்ளும்.

போன மாதம் ஒரு பெண், தன் நோட்டின் கடைசி வரியில், உடைந்த சிலம்புக்கு நேரே, "யார் கையில்?" என்ற கட்டத்தில் வெறும் கோடு போட்டிருந்தாள். சரியான விடை அதுதான்.

விடை எழுதும்போது கொலையிலிருந்து தொடங்காதீர்கள். 9-ஆம் காதையின் சிரிப்பிலிருந்து தொடங்குங்கள்.